எவர்சில்வர் டிரம்முக்குள்ள ரெண்டு வைஃபை, ஒரு போலி எல்டிஇ

முதல்லயே சொல்லிடறேன், இது ரிசர்ச் எல்லாம் கிடையாது, ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல மாடி ரூம்ல அஞ்சு வாரம் நோண்டினதோட கணக்கு. எதுக்கு ஆரம்பிச்சேன்னா, சிக்காகோ யுனிவர்சிட்டி ஆளுங்க 2020 வாக்குல ஒரு வேலை பண்ணிருந்தாங்க, வைஃபை ஓடற இடத்துல எல்டிஇயை, அதான் 4ஜியை, ஓட்டற எல்டிஇ-யூ ஸ்டேஷன் ஒண்ணு தன்னோட சேனல்ல எத்தனை வைஃபை ஏபி (அக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை குடுக்கற ரவுட்டர்) இருக்குன்னு வெறும் எனர்ஜி அளவை மட்டும் வச்சு மெஷின் லேர்னிங்ல கண்டுபிடிக்கிறது, பாக்கெட்டை பிரிச்சுப் படிக்கவே வேணாம். படிச்சப்ப இதை வீட்லயே பண்ணிரலாம் போலயேன்னு தோணுச்சு.

விஷயம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம். 5 கிகாஹெர்ட்ஸ்ல வைஃபை ஓடற இடம் யாருக்கும் சொந்தம் இல்லாத பொது இடம், நம்ம நாட்டுல 2018ல 605 மெகாஹெர்ட்ஸ் அப்படி திறந்து விட்டாங்க. செல்போன் கம்பெனிங்களுக்கு அந்த இடத்து மேல ஒரு கண்ணு, காசு குடுத்து ஏலம் எடுக்காம கூடுதல் டேட்டா தள்ளலாமேன்னு. 2014லயே எல்டிஇ-யூ ஃபோரம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பிரச்சனை என்னன்னா வைஃபைக்கு ஒரு பழக்கம் இருக்கு, பேசறதுக்கு முன்னாடி காது குடுத்துக் கேக்கும், யாராவது பேசிட்டிருந்தா நிக்கும், முடிஞ்சதும் 9 மைக்ரோசெகண்ட் ஸ்லாட்டா எண்ணி ஒரு ரேண்டம் நேரம் காத்துட்டுத்தான் பேசும். எல்டிஇக்கு அந்தப் பழக்கமே இல்ல, அது தன் லைசென்ஸ் பேண்ட்ல ராஜா மாதிரி மில்லிசெகண்ட் கணக்குல டைம்டேபிள் போட்டு வாழ்ந்தது. ரெண்டையும் சேத்து வைக்க ரெண்டு வழி வந்துச்சு. ஒண்ணு எல்ஏஏ, செல்போன் தரங்களை எழுதற 3ஜிபிபியோட ரிலீஸ் 13ல வந்தது, அது வைஃபை மாதிரியே கேட்டுட்டுப் பேசும். இன்னொண்ணு எல்டிஇ-யூ, அது கேக்காது, கொஞ்ச நேரம் ஆன் கொஞ்ச நேரம் ஆஃப்னு முறை வச்சு விட்டுக் குடுக்கும். ஒரு ஏபி இருந்தா 50 சதவீதம் நேரம் ஆன்ல இருக்கலாம், ரெண்டு இருந்தா 33, அதாவது இருக்கற ஆளுங்களுக்குள்ள சமமா பிரிச்சுக்கணும். ஆக எத்தனை ஏபின்னு எண்ணத் தெரியணும், அங்கதான் மாடல் வருது.

எல்டிஇ-யூ இன்னிக்கு கிட்டத்தட்ட செத்துப்போன டெக்னாலஜி, எல்ஏஏவும் அதுக்கப்புறம் ரிலீஸ் 16ல 5ஜிக்கு வந்த என்ஆர்-யூவும்தான் நிலைச்சது, அப்புறம் ஏன் இதை எடுத்தேன்னு கேக்கலாம். காரணம் யூஎஸ்பி கேபிள். எல்ஏஏ பண்ணணும்னா 9 மைக்ரோசெகண்டுக்குள்ள கேட்டு முடிவெடுத்து அனுப்பணும், ஆனா எஸ்டிஆர்ல (சிக்னலை சாஃப்ட்வேர்லயே கையாள விடற ரேடியோ) வர்ற சாம்பிள் யூஎஸ்பி வழியா லேப்டாப்புக்கு வந்து பைத்தான் அதைப் பாத்து திருப்பிச் சொல்றதுக்குள்ள எத்தனையோ ஸ்லாட் ஓடிப்போயிரும், நம்ம லாஜிக்கை எழுதி வைக்கற எஃப்பிஜிஏ சிப்புக்குள்ள எழுதினாத்தான் உண்டு, எனக்கு அதுக்கான வெரிலாக் மொழி வராது. எல்டிஇ-யூல 80 மில்லிசெகண்டுக்கு ஒரு சுத்து, எத்தனை ஏபின்னு செகண்டுக்கு ஒருக்கா முடிவெடுத்தா போதும், அது பைத்தானுக்கே தாங்கும்.

சாமான்: அத்தேரோஸ் சிப் உள்ள பழைய 802.11என் ரவுட்டர் நாலு, ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட்ல பொறுக்கினது, எல்லாத்துலயும் ஓபன்டபிள்யூஆர்டிங்கற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். ரெண்டு ஏபி, அதுங்களோட பேச ரெண்டு கிளையண்ட். கேக்கறதுக்கு ஒரு ஹேக்ஆர்எஃப், அனுப்பறதுக்கு ஃப்ரெண்ட் கிட்ட கடன் வாங்கின ஒரு புளூட்டோ, ரெண்டுமே எஸ்டிஆர். புளூட்டோ பெட்டியில போட்டிருக்கறது 3.8 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான், ஆனா உள்ள இருக்கற சிப்பை அதோட அண்ணன் மாடல்னு நம்ப வச்சா 6 வரைக்கும் போகும், ரெண்டு வரி செட்டிங்தான். அதோட யூஎஸ்பி 2.0, செகண்டுக்கு 3 கோடி சாம்பிள் எல்லாம் தொடர்ச்சியா தள்ள முடியாது, ஆனா ஒரு சுத்தை மொத்தமா அதோட மெமரியில ஏத்திட்டு திரும்பத் திரும்ப வாசின்னு சொல்லிட்டா யூஎஸ்பி தடையே இல்ல. 30.72 மெகாசாம்பிள் வேகத்துல 80 மில்லிசெகண்ட்னா 24,57,600 சாம்பிள், சுமார் 10 எம்பி, அழகா உக்காந்துச்சு. அனுப்பினது நிஜ எல்டிஇ இல்ல, 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில 1200 கேரியர் வச்ச, எல்டிஇ பாணி ஓஎஃப்டிஎம் இரைச்சல், ஒரு வைஃபை ரவுட்டருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆன்டெனா வச்சு காத்துல விடலை. ஃப்ரீ பேண்ட்னா யார் வேணா கையால செஞ்ச டிரான்ஸ்மிட்டரை போட்டு அனுப்பலாம்னு அர்த்தம் இல்ல, அப்ரூவல் வாங்கின சாதனம்தான் காத்துல பேசணும், அதனால எல்லாமே கேபிள்ல. இங்கதான் முதல் ரெண்டு வாரமும் கொஞ்சம் காசும் போச்சு. முதல்ல டிஷ் டிவி ஸ்ப்ளிட்டர் வாங்கிட்டு வந்தேன், அது 2400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான், 5180ல அது ஒரு அழகான பேப்பர் வெயிட். அப்புறம் 2ல இருந்து 8 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போற எட்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒண்ணு பழசா கிடைச்சுது. ரவுட்டர் கனெக்டரும் எஸ்டிஆர் கனெக்டரும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ரவுட்டர்ல இருக்கறது ரிவர்ஸ் எஸ்எம்ஏ, நடு ஊசி மாறி இருக்கும், திருகினா நல்லா திருகும், உள்ள தொடவே தொடாது. ஒரு ராத்திரி பூரா சிக்னல் வரலைன்னு டிரைவரைத் திட்டிட்டிருந்தேன்.

அடுத்தது ஹேக்ஆர்எஃப் கருகினது. அதுக்கு உள்ள போகக்கூடிய அதிகபட்ச பவர் -5 டிபிஎம் (பவரோட அளவு, மைனஸ்ல போகப் போகக் கம்மி), அது தெரியும். ரவுட்டரை 0 டிபிஎம்க்கு இறக்கி வச்சிருந்தேன், சிக்னலைக் குறைக்கற அட்டெனுவேட்டர் ஒரு 10 டெசிபல், ஸ்ப்ளிட்டர்ல ஒரு 10, ஆக -20, சொகுசுன்னு நினைச்சேன். ஒரு நாள் கரண்ட் போய் வந்துச்சு. ரவுட்டர் பூட் ஆகி, நான் சேவ் பண்ணாத செட்டிங்கை மறந்துட்டு, டீஃபால்ட் 20 டிபிஎம்ல முழங்கிருச்சு. 20ல 10 போய் இன்னொரு 10 போனா 0. முன்னாடி இருக்கற ஆம்ப்ளிஃபையர் சிப் காலி. நல்லவேளை ஆம்ப்பை ஆஃப் பண்ணிட்டு பைபாஸ்ல கேக்கலாம், எனக்கு சிக்னல் தாராளமா இருந்ததால அதுவே போதுமாச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ரவுட்டருக்கும் 20 டெசிபல், ஹேக்ஆர்எஃப் வாசல்ல தனியா இன்னொரு 20. மோசமான நாள்ல என்ன பவர் வரும்னு கணக்கு போட்டு அட்டெனுவேட்டர் வாங்குங்க, நல்ல நாளுக்குப் போட்டா என் கதிதான்.

கேபிள்ல போட்டாலும் ரவுட்டர் போர்டே ஒழுகும், பிளாஸ்டிக் டப்பாதானே. ஒரு ஏபியோட கேபிளைக் கழட்டி சிக்னலை முழுங்கற 50 ஓம் டெர்மினேட்டர் போட்டுப் பாத்தா அப்பவும் கிளையண்ட் கனெக்ட் ஆகி நின்னுச்சு. அதனால ஏபி ரெண்டையும் அம்மாவோட அரிசி போடற எவர்சில்வர் டிரம் ரெண்டுல ஆளுக்கொண்ணா வச்சு, மூடி இடுக்குல அலுமினியம் ஃபாயில் சுத்தி, கேபிள் வர்ற ஓட்டைக்கு காப்பர் டேப் ஒட்டி... ஓட்டை போட்டதை அம்மா கிட்ட இன்னும் சொல்லலை.

டேட்டா எடுக்கறது சுலபம்னு நினைச்சேன். ஹேக்ஆர்எஃப் 20 மெகாசாம்பிள்ல கேக்கும், ஒவ்வொரு 180 சாம்பிளையும் சராசரி எடுத்தா 9 மைக்ரோசெகண்டுக்கு ஒரு புள்ளி, வைஃபை ஸ்லாட்டும் 9, பொருத்தமா இருக்கேன்னு. ஒரு செகண்டுக்கு 1,11,111 புள்ளி. ஏபி இல்லாம, ஒண்ணு வச்சு, ரெண்டு வச்சு, ஐபெர்ஃப்ல (டிராஃபிக் கிளப்பற புரோகிராம்) லோடு மாத்தி மாத்தி, ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம். ஒரு செகண்ட் ஜன்னலா வெட்டி, பாதி பாதி ஒண்ணு மேல ஒண்ணு ஏறற மாதிரி, ஒரு சின்ன கன்வல்யூஷன் நெட்வொர்க்ல (தானா வடிவத்தைக் கத்துக்கிற மெஷின் லேர்னிங் மாடல்) போட்டேன். 97 சதவீதம். காப்பி போட்டுக் குடிச்சேன்.

மறுநாள் சாயங்காலம் புதுசா ரெக்கார்ட் பண்ணி ஓட விட்டா 64.

64ன்னா பரவால்லன்னு தோணலாம், ஆனா யோசிச்சுப் பாருங்க, மூணு கிளாஸ்ல ஏபியே இல்லாததை எந்த மடையனும் சொல்லிருவான், அது அப்படியே 33 மார்க். மிச்சம் ஒண்ணா ரெண்டாங்கறதுல பூவா தலையா போட்டாலே 66 வரும். ஆக என் மாடல் காசு சுண்டறதை விடக் கேவலம். ஏபி இல்லாத கிளாஸை கணக்குல இருந்து தூக்கிட்டு ஒண்ணு-ரெண்டுக்கு மட்டும் மார்க் போட ஆரம்பிச்சது அன்னிக்குத்தான்.

எங்க ஏமாந்தேன்னு தோண்டினா மூணு ஓட்டை. ஒண்ணு, ஜன்னல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, அதை ரேண்டமா கலைச்சு டிரெய்ன்-டெஸ்ட் பிரிச்சேன், அதாவது பரீட்சைக் கேள்வியில பாதி ஏற்கனவே புக்ல இருந்துச்சு. ரெண்டு, ஹேக்ஆர்எஃப்ல கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கற அளவை, தானா மாத்திக்கிற வசதி இல்ல, கையால வைக்கணும், ரெண்டு ஏபி ரெக்கார்ட் பண்ண அன்னிக்கு நான் கெயினை ஒரு படி ஏத்தி வச்சிருந்திருக்கேன், மாடல் எண்ணவே இல்ல, சத்தம் அதிகமா இருந்தா ரெண்டுன்னு சொல்லிட்டிருந்துச்சு. இந்த ரெண்டும் யாருக்கும் நடக்கறது. மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது.

ஒவ்வொரு ஏபியும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா நான் இங்க இருக்கேன்னு ஒரு பீக்கன் அனுப்பும். ரெண்டு ரவுட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஒரே ஸ்விட்ச்ல போட்டிருந்தேன், ஆக ரெண்டும் ஒண்ணா பூட் ஆகி, ரெண்டு பீக்கனுக்கும் நடுவுல ஒரு குறிப்பிட்ட இடைவெளி விழுந்துருச்சு. ரவுட்டர் கடிகாரத்தை ஓட்டற கிரிஸ்டல் ரெண்டும் பத்து லட்சத்துல ரெண்டு பங்கு வித்தியாசப்பட்டாக் கூட மணிக்கு 7 மில்லிசெகண்ட்தான் நகரும், நான் ரெக்கார்ட் பண்ண பத்து நிமிஷத்துல ஒரு மில்லிசெகண்ட் மாறினா அதிகம். நெட்வொர்க் அந்த இடைவெளியை மனப்பாடம் பண்ணிருச்சு. ரெண்டாவது ஏபியை மட்டும் ரீபூட் பண்ணிப் பாத்தேன், அந்த நொடியில இருந்து ஸ்கோர் சரிஞ்சுது.

அதோட கன்வல்யூஷனை தூர வச்சுட்டு முதல்ல மெஷின் லேர்னிங்கே இல்லாம பண்ண முடியுமான்னு பாத்தேன், இதை முதல் நாளே பண்ணிருக்கணும். எனர்ஜியை 102.4 மில்லிசெகண்ட் நீளத்துக்கு மடிச்சு மடிச்சு கூட்டினா பீக்கன் விழற இடம் முள்ளு மாதிரி எழும்பும், முள்ளை எண்ணினா ஏபி எண்ணிக்கை. டிராஃபிக் கம்மியா இருக்கறப்ப இது பிரமாதம், பைத்தான்ல பத்து வரி. மூணாவதா ஒரு முள்ளு கூட தெரிஞ்சுது, டிரம் மூடியில ஃபாயில் விலகி பக்கத்து வீட்டு ரவுட்டர் உள்ள வந்திருந்துச்சு. ஆனா லோடு ஏறினா பீக்கனும் கியூவுல நின்னுதான் வரணும், நேரம் தள்ளித் தள்ளிப் போகும், முள்ளு மழுங்கி மண்மேடு ஆயிரும்.

லோடு இருக்கறப்ப வேற ஒண்ணு பேசும், அது அமைதி. டேட்டா பாக்கெட் முடிஞ்சு, கிடைச்சிருச்சுன்னு சொல்ற ஏசிகே வர்றதுக்கு நடுவுல 16 மைக்ரோசெகண்ட். ஏசிகே முடிஞ்சு அடுத்தது வர்றதுக்கு 43, அது மேல 0ல இருந்து 15 ஸ்லாட் வரைக்கும் ரேண்டம். ஒரே ஏபி மட்டும் அடிச்சு ஓட்டறப்ப அந்த காத்திருப்பு சராசரியா ஏழரை ஸ்லாட். ரெண்டு ஏபி போட்டி போட்டா யார் எண்ணி முடிக்கிறாங்களோ அவங்க முந்திருவாங்க, அதனால இடைவெளி பாதிக்குப் பக்கமா சுருங்கும், போதாததுக்கு ரெண்டும் ஒரே ஸ்லாட்ல மோதினா ஏசிகே வராது, 16 மைக்ரோசெகண்ட் இடைவெளி காணாமப் போகும். இதுல சத்தத்தோட அளவுக்கு வேலையே இல்ல, கெயின் எப்படி இருந்தாலும் இடைவெளி இடைவெளிதான். ஆனா நான் பொருத்தமா இருக்கேன்னு சந்தோஷப்பட்ட 9 மைக்ரோசெகண்ட் பக்கெட்ல 16ஐ எங்க பாக்கறது? எல்லாத்தையும் மறுபடி 20 சாம்பிள், அதாவது 1 மைக்ரோசெகண்ட் பக்கெட்ல எடுக்க வேண்டியதாச்சு. பழைய ரெக்கார்டிங்ல ஐக்யூ, அதான் மூல சாம்பிள், சேவ் பண்ணலை, டிஸ்க் மிச்சம் பண்றேன்னு சராசரியை மட்டும் வச்சிருந்தேன். ஒரு வாரம் குப்பையில.

இடைவெளி ஹிஸ்டோகிராம், மடிச்ச பீக்கன் முள்ளு, ஏசிகே தவறின விகிதம், பிஸியா இருந்த நேரம், இவ்ளோதான் ஃபீச்சர், இதைப் பாத்து முடிவெடுக்க ரேண்டம் ஃபாரஸ்ட்னு ஒரு எளிமையான மாடல். டிரெய்னுக்கு சில நாள், டெஸ்டுக்கு வேற நாள், நடுவுல எல்லாத்தையும் ரீபூட் பண்ணி கெயினை வேணும்னே மாத்தி. ஒண்ணு-ரெண்டுக்கு மட்டும் 93 வந்துச்சு. இந்தத் தடவை காப்பி போடலை.

அதுவும் நல்லதாப் போச்சு, ஏன்னா புளூட்டோவை ஆன் பண்ணதும் 70க்கு வந்துருச்சு. காரணம் இப்ப சொன்னா வெக்கமா இருக்கு. எல்டிஇ ஆன்ல இருக்கறப்ப கேக்கற ரேடியோவுக்கு நம்ம சத்தமும் சேந்துதானே கேக்கும், ஆக ஆஃப் நேரத்துல மட்டும்தான் சுத்தமா கேக்க முடியும், ஒரு செகண்ட் ஜன்னல்ல பாதி கிழிஞ்சு போச்சு. 80க்கும் 102.4க்கும் ஒத்துப்போக 2.56 செகண்ட் ஆகும், அதுவரைக்கும் பீக்கன் ஆன் நேரத்துலயும் ஆஃப் நேரத்துலயும் மாறி மாறி விழுந்துட்டே இருக்கும், அதனால மடிக்கறதுக்கு ஒரு செகண்ட் பத்தாது. இன்னும் பெருசு, எல்டிஇயால தடுக்கப்பட்ட பாக்கெட் எல்லாம் கியூவுல சேந்து ஆஃப் ஆனதும் மடை திறந்த மாதிரி வரும், ரெண்டு ஏபியும் ஒரே நேரத்துல எண்ண ஆரம்பிக்கும். நான் டிரெய்ன் பண்ணது யாரும் தொந்தரவு பண்ணாத வைஃபையை. இப்ப பாக்கறது நான் தொந்தரவு பண்ணிட்டிருக்கற வைஃபை. வேற வழியில்ல, 50லயும் 33லயும் புளூட்டோவை ஓட விட்டு எல்லாத்தையும் மறுபடி ரெக்கார்ட் பண்ணி, ஜன்னலை 2.56 செகண்டாக்கி, இப்ப என்ன டியூட்டி ஓடுது, அதாவது எல்டிஇ எத்தனை சதவீதம் ஆன்ல இருக்குங்கறதையும் ஒரு ஃபீச்சராக் குடுத்தேன். 89. அதுக்கு மேல ஏறலை, விட்டுட்டேன்.

மாடல் சொல்றதை அப்படியே நம்பி டியூட்டியை மாத்தினா 50, 33, 50, 33ன்னு ஆடும், ஒவ்வொரு தடவையும் புளூட்டோ பஃபரை மாத்தி ஏத்தறப்ப ஒரு விக்கல் வேற. தொடர்ந்து அஞ்சு தடவை ஒரே பதில் சொன்னாத்தான் மாறணும்னு வச்சேன், கிட்டத்தட்ட 13 செகண்ட். புதுசா ஏபி வந்தா 13 செகண்ட் அது அநியாயத்தைப் பொறுத்துக்கணும், ஒரு ரவுட்டர் பூட் ஆகவே ஒரு நிமிஷம் ஆகுது, பரவால்ல.

இதெல்லாம் முடிச்சு வைஃபைக்கு உண்மையில என்ன கிடைக்குதுன்னு அளந்தப்பத்தான் வேற ஒரு கூத்து. எல்டிஇ இல்லாம ஒரு ஏபிக்கு 52 எம்பிபிஎஸ் வந்துச்சு. எல்டிஇ 50 சதவீதம்னா பாதி, 26 வரணும் இல்லையா, வந்தது 17. புளூட்டோ சத்தம் ரவுட்டர் வாசல்ல -70 டிபிஎம் இருக்கற மாதிரி அட்டெனுவேட்டர் வச்சிருந்தேன். வைஃபை இன்னொரு வைஃபையை -82லயே அடையாளம் கண்டு நிக்கும், ஆனா வைஃபை இல்லாத சத்தம் -62க்கு மேல இருந்தாத்தான் மதிக்கும். -70 ரெண்டுக்கும் நடுவுல. ஆக ரவுட்டர் எல்டிஇயை மதிக்காம பேசிட்டே இருக்கு, பாக்கெட் உடையுது. ரவுட்டர் தன் வேகக் கணக்கை எழுதி வைக்கற ஆர்சி ஸ்டாட்ஸ் ஃபைலைத் திறந்து பாத்தா மின்ஸ்ட்ரல், அதான் ரவுட்டர்ல எந்த வேகத்துல அனுப்பறதுன்னு முடிவு பண்ற புரோகிராம், சேனல் மோசம்னு நினைச்சு எம்சிஎஸ்ங்கற வேகப் படியில 7ல இருந்து 2க்கும் 3க்கும் இறங்கி உக்காந்திருக்கு. நான் போட்ட பழைய கெர்னல்ல அது 100 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா கணக்கு பாக்கும், எல்டிஇ சுத்து 80, அதனால நல்ல நேரமும் கெட்ட நேரமும் ஒரே கணக்குல கலந்துரும், ஆஃப் நேரத்துல கூட மெதுவாவே பேசும். அந்த ஃபைல் அத்தேரோஸ் பழைய சிப்ல இப்படி விலாவாரியா கிடைக்கும், நிறைய ஏசி ரவுட்டர்ல (802.11ஏசி, அடுத்த தலைமுறை) ஃபர்ம்வேருக்குள்ள மறைஞ்சுரும், பழைய ரவுட்டர் பொறுக்கினதுக்கு இது ஒண்ணே போதும்.

சும்மா ஒரு சந்தேகத்துல புளூட்டோ பக்கத்து அட்டெனுவேட்டர்ல 12 டெசிபல் குறைச்சேன், அதாவது எல்டிஇ சத்தத்தைக் கூட்டினேன், ரவுட்டர் வாசல்ல -58. வைஃபை 17ல இருந்து 25க்கு ஏறிருச்சு! ரவுட்டருக்கு இப்ப எல்டிஇ காதுல விழுது, ஆன் நேரத்துல வாயை மூடிட்டு ஆஃப் நேரத்துல முழு வேகத்துல பேசுது. பக்கத்துல கத்தறவனை விட தூரத்துல முணுமுணுக்கறவன்தான் வைஃபைக்கு எமன்னு அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்குத் தெரிஞ்சுது. டியூட்டியை 50ல இருந்து 33க்கு மாத்தினதால -70ல கிடைச்ச லாபம் வெறும் 4 எம்பிபிஎஸ், இந்த அட்டெனுவேட்டர் திருப்பலுக்கு 8. ஏபி எண்ணறதுக்கு நான் போட்ட உழைப்புல பாதியை, அந்த ஏபிக்கு நம்ம சத்தம் கேக்குதா இல்லையான்னு கண்டுபிடிக்கப் போட்டிருக்கலாம். ஆன் ஆகி மொத 2 மில்லிசெகண்ட்ல வைஃபை அடங்குதா இல்ல தொடர்ந்து பேசுதாங்கறதை ஹேக்ஆர்எஃப் ரெக்கார்டிங்லயே பாக்கலாம், வைஃபை எல்டிஇயை விட மேல நிக்குது அங்க, கண்ணாலயே தெரியுது. அதை ஒரு ஃபீச்சரா சேத்து, கேக்காத ஏபி இருந்தா ஆன் நேரத்தை சின்னச் சின்னதா நறுக்காம ஒரே துண்டா வச்சா மின்ஸ்ட்ரல் கம்மியா குழம்புதான்னு பாத்துட்டிருக்கேன். சுத்தை 80ல இருந்து 160 ஆக்கினதுல எம்சிஎஸ் கொஞ்சம் ஏறுது, ஆனா பிங் நேரம் நாறுது.

மூணு ஏபிக்கு இன்னும் போகலை. ரவுட்டர் வாங்கிட்டேன், மூணாவது டிரம்தான் இல்ல.